என் மேல் ஒட்டிய மாட்டுங்கா லேபிள்

பகல் கனவு காண்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். வேலை நேரத்தில் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கிறவளைத் தோளில் ஒரு தட்டுத் தட்டி எழுப்பத் தோன்றும். ஆனால் பம்பாய்ச் செம்பூரில் ஒரு பெரிய கடையில் நான் நின்ற வருஷங்களில், என்னைவிட அதிகம் கனவு கண்டவள் அங்கே ஒருத்தியும் கிடையாது. இதை ஒளித்து என்ன ஆகப்போகிறது.

நான் காபிப் பொடி ப்ரொமோட்டர். கடைக்காரரின் ஆள் இல்லை, காபிக் கம்பெனியின் ஆள். காபியும் டீயும் அடுக்கிய ரேக்குக்குப் பக்கத்தில் ஒரு குட்டி மேஜை போட்டிருக்கும். அதில் ஒரு ஃபிளாஸ்க், கட்டைவிரல் உயரத்துக்குப் பேப்பர் கப்புகள். போகிறவர்களை நிறுத்தி ஒரு வாய் காபி கொடுக்க வேண்டும். குடித்து முடிப்பதற்குள் அவர்கள் கூடையில் ஒரு பாக்கெட் விழுந்திருக்க வேண்டும். உட்காரக் கூடாது. உட்கார எதுவும் இருக்காது என்பதால் அந்த விதியை யாரும் மீறவும் முடியாது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடை காலியாகிவிடும். ஏசி முனகும். தரையில் விளக்கு வெளிச்சம் தண்ணீர் போலக் கிடக்கும். நான் ஒரு கப்பில் காபியை ஊற்றி வைத்துக்கொண்டு அதன் ஆவியைப் பார்ப்பேன். அது எழுந்து, கொஞ்சம் வளைந்து, ரேக்கின் உச்சித் தட்டு வரைக்கும் போய்க் காணாமல் போகும். கால்வலி முழங்கால் வரைக்கும் ஏறி அங்கேயே நிற்கும். அதற்கு மேல் எனக்கு எடை கிடையாது. அப்படியே மிதப்பேன். அந்த மிதப்பில் எப்போதும் ஒரே காட்சிதான். நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே மழை. யாரோ வந்து என் முன்னால் ஒரு காபியை வைத்துவிட்டுப் போகிறார்கள். அந்தக் காபியை நான் யாருக்கும் விற்க வேண்டியதில்லை. அவ்வளவுதான் கனவு. இதைவிடச் சின்னதாக யாராவது கனவு கண்டிருந்தால் சொல்லுங்கள்.

எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. எங்கள் தொழிலில் முப்பத்தைந்தைத் தாண்டிய பெண்ணை நான் பார்த்ததில்லை. யாரும் போகச் சொல்லமாட்டார்கள். ஒரு மாதம் ஷிஃப்ட் போடமாட்டார்கள். அடுத்த மாதமும் போடமாட்டார்கள். நமக்கே புரிந்துவிடும். ஆக, ஒன்று சூப்பர்வைசர் ஆக வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும். நடுவில் ஒன்றும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி எங்களையெல்லாம் ஒரு ஹாலில் உட்காரவைத்து வகுப்பு எடுத்தது. பாடம் சொல்ல வந்தவர் கோட்டுப் போட்ட ஓர் இளைஞர். ஹிந்தியில் பேசினார். "உங்களையே ஒரு சரக்காக நினைத்துக்கொள்ளுங்கள்," என்றார். "உங்களை வாங்கப்போகிறவர் யார்? அவருக்கு என்ன தேவை? அதில் நீங்கள் மட்டும் கொடுக்கக்கூடியது எது? என்ன விலை? எங்கே நின்றால் அவர் கண்ணில் படுவீர்கள்? சோப்பு விற்பதும் வேலையில் மேலே போவதும் ஒரே கணக்குதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாள் முழுக்கப் பாக்கெட் விற்றது போதாதென்று நானும் ஒரு பாக்கெட்டா? பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கோவண்டி ஏரியாவிலிருந்து வரும் பெண். என் ரேக்கின் மறுபக்கத்தில் எங்கள் கம்பெனியின் டீத்தூளுக்காக நிற்பவள். என்னைப் போலவே திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், பிறந்தது பம்பாய். அவள் என் காதுக்குள் சொன்னாள்.

"எக்கா, உனக்கு எக்ஸ்பயரி டேட்டு எங்க ஒட்டிருக்கு? முதுவுலயா?"

"உன் நாக்குல ஒட்டிருக்குட்டி. வாய மூடு."

"கோவப்படாதக்கா. நான்லாம் ஒண்ணு வாங்குனா ஒண்ணு ஃப்ரீ. என்னைய எடுத்தா எங்க அம்மையும் கூடவே வந்துருவா."

நான் சிரித்துவிட்டேன். கோட்டுக்காரர் பேச்சை நிறுத்தி எங்கள் இருவரையும் பார்த்தார்.

அன்று சாயங்காலம் மோனோ ரயிலில் போனேன். செம்பூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு அது சுற்றுவழி. வடாலாவில் இறங்கி மறுபடியும் பஸ் பிடிக்க வேண்டும். ஆனால் கோபம் வந்தால் நான் அதில்தான் போவேன். கூட்டம் இருக்காது. இடிக்க ஆள் இருக்காது. வண்டி அவசரமே இல்லாமல் ஆகாயத்தில் நகரும். கீழே எண்ணெய்த் தொட்டிகள் வெள்ளைத் தட்டுகளைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும். அப்புறம் குழாய்கள், அப்புறம் சேற்றுக் காடு, உப்பளத்தில் தேங்கிய தண்ணீர், அந்தத் தண்ணீரில் வானம். எல்லாம் சத்தமில்லாமல் பின்னால் போகும். ஜன்னல் கண்ணாடியில் என் முகம் அவற்றின் மேலே மிதந்துகொண்டு கூடவே வரும்.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில் பம்பாய் முழுவதும் எனக்கு ஒரு ரேக்காகத் தெரிந்தது. கடையில் நான் கற்ற முதல் சட்டம், கண்ணுக்கு நேரான தட்டில் இருப்பதுதான் விற்கும் என்பது. காலடித் தட்டில் இருப்பதைக் குனிந்து எடுக்க யாருக்கும் மனசு வராது. தாராவி காலடித் தட்டு. அதை ஒட்டியே, வசதியான தமிழ் மாமிகள் இருக்கும் மாட்டுங்கா கண்மட்டம். அதற்கு மேலே, கைக்கு எட்டாத உயரத்தில், பெயர் தெரியாத கண்ணாடிக் கட்டடங்கள். ஏதோ ஒரு கை வந்து என்னைக் கீழிருந்து எடுத்து, தூசியைத் துடைத்து, நடுத் தட்டில் முகம் வெளியே தெரியும்படி வைத்தது. சுகமாக இருந்தது. கோட்டுக்காரர் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

என் வீடு மாட்டுங்கா லேபர் கேம்ப்பில். பெயரில்தான் மாட்டுங்கா, இடம் தாராவி. எங்கள் பக்கத்தில் வேலை தேடுகிற எல்லோரும் செய்வதையே நானும் செய்திருந்தேன். பயோடேட்டாவில் மாட்டுங்கா என்று மட்டும் போட்டேன். சயானை ஒட்டிய சந்துக்காரர்கள் சயான் என்று போடுவார்கள். தாராவி என்று எழுதினால் இன்டர்வியூவுக்கே கூப்பிடமாட்டார்கள் என்பது எங்களுக்குள் பேசாமலே முடிவாகிவிட்ட விஷயம். கம்பெனியும் மாட்டுங்கா, செம்பூர் மாமிகளிடம் தமிழ் பேச ஆள் தேடிக்கொண்டிருந்தது. மாமிகள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அந்தப் பேச்சை நான் பிடித்துக்கொண்டேன். "வாங்கோ மாமி, ஒரு வாய் குடிச்சுப் பாருங்கோ, வாசனை எப்படி இருக்கு சொல்லுங்கோ." காலையில் புடவை கட்டும்போதே நாக்கும் மாறிவிடும். வீட்டுக்கு வந்து கழற்றிவைக்க வேண்டும். ஒருநாள் மறந்துபோய் என் வீட்டுக்காரரிடம், "நன்னா இருக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் தட்டிலிருந்து நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். "ஏட்டி, மாமி எப்ப வந்தா நம்ம வீட்டுக்கு? ஒரு பாயி எடுத்துப் போடு, பாவம் நிக்கா பாரு."

கோட்டுக்காரர் கேட்ட கேள்விகளுக்கு நான் மோனோ ரயிலில் பதில் யோசித்தேன். ஒருநாள் இல்லை, பல நாள். என்னை வாங்கப்போகிறவர் ஏரியா மேனேஜர். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், அமைதியான மனிதர். அவருக்கு என்ன தேவை? தன்னைப் போலப் பேசுகிற, தன் தெருக்காரர்களைத் தெரிந்த ஒரு மரியாதையான பெண். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. ஜன்னல் கண்ணாடிதான் சொன்னது. கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், வீட்டில் எத்தனை பேர், ஃபில்டரா இன்ஸ்டன்ட்டா, கசப்பு வேண்டுமா வேண்டாமா என்று கேட்காமல் நான் ஒரு பாக்கெட்டைக்கூட எடுத்துக் கொடுத்ததில்லை. என்னை விற்கப் புறப்பட்டபோது மட்டும் வாங்குகிறவரை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. கனவிலேயே அவர் தலையாட்டினார், கனவிலேயே வியாபாரம் முடிந்துவிட்டது.

எனவே லேபிளைப் பளபளப்பாக்கினேன். பாலியெஸ்டர் புடவைகளை விட்டு மடிப்புக் கலையாத காட்டன் புடவைகளுக்கு மாறினேன். மாட்டுங்கா மார்க்கெட்டில் இறங்கிப் பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு செம்பூருக்குப் போனேன். என்னிடம் வாடிக்கையாகப் பொடி வாங்கும் ஒரு மாமி, தன் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று சயானில் நடந்த ஒரு கச்சேரிக்கு டிக்கெட் கொடுத்தார். மாமிகளிடம் பேச விஷயம் கிடைக்குமே என்று போனேன். பெரிய ஹால். மெத்தை வைத்த இருக்கை. விளக்கை அணைத்தார்கள். யாரோ தூரத்தில் ஒரே எழுத்தை நீட்டிக்கொண்டே போனார்கள். அந்தக் குரல் ஒரு நீளமான துணி போல என் மேல் வந்து விழுந்தது. இத்தனை மெத்தென்ற ஓர் இடத்தில் நான் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. கைதட்டல் கேட்டுத்தான் கண்விழித்தேன். அடுத்த நாள் மாமி எப்படி இருந்தது என்று கேட்டபோது, "ரொம்ப நன்னா இருந்தது மாமி, மெய்ம்மறந்துட்டேன்," என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

சூப்பர்வைசர் வேலை ஒன்று காலியாகிறது என்று கோவண்டிப் பெண்தான் சொன்னாள். உடனே மனுக் கொடுத்தேன். கூப்பிட்டார்கள். செம்பூரில் கோடவுனுக்கு மேலே மேனேஜரின் அறை. ஜன்னல் இருந்தது. மழைகூடப் பெய்துகொண்டிருந்தது. எல்லாம் என் கனவை ஒட்டியே நடக்கிறது என்று நம்பிக்கொண்டு உள்ளே போனேன்.

"உக்காருங்கோ," என்றார். "சொல்லுங்கோ, உங்களை எதுக்கு எடுக்கணும்?"

தயாராக வைத்திருந்ததையெல்லாம் கொட்டினேன். மாட்டுங்கா மாமிகள், அவர்களுடைய ருசி, அவர்களிடம் எப்படிப் பேச வேண்டும், எந்தப் பண்டிகைக்கு முன்னால் எந்தப் பொடி போகும். வார்த்தைகள் தாமாகவே வந்தன. பேசுவது நானில்லை, பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது போல இருந்தது.

அவர் சிரித்தார். "நன்னாப் பேசறேள். அதாம்மா கஷ்டமா இருக்கு."

"என்ன சார்?"

"இந்த வேலை மாட்டுங்காவுக்கு இல்லை. அஞ்சு ரூபாப் பாக்கெட் கொண்டுவரப் போறோம். தாராவில இருக்கற சின்னக் கடைகள், டீக்கடைகள், எல்லாத்துலயும் போடணும். நாலு பொண்களை வெச்சுண்டு சந்து சந்தா நடக்கணும். உங்களைப் போய் அங்க அனுப்பினா பாவம் எனக்குத்தாம்மா. வழி தெரியாம அழுதுண்டு நிப்பேள்."

மின்விசிறி சுற்றுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. கால்களுக்குக் கீழே தரை நழுவி அறை மெல்ல மிதக்கத் தொடங்கியது. கண்ணாடிக்கு வெளியே மழை கோடு கோடாக இறங்கியது. நான் நடுத் தட்டில் அழகாக அடுக்கப்பட்டு நிற்கிறேன், வாங்க வந்தவர் குனிந்து காலடித் தட்டில் தேடிக்கொண்டிருக்கிறார். கூப்பிட்டுச் சொல்ல வாய் இல்லை, ஏனென்றால் பாக்கெட்டுக்கு வாய் கிடையாது.

"சார், நான் தாராவிதான்," என்றேன்.

"வேலை வேணும்னா கேளுங்கோ, அதுக்காக இப்படியா? பயோடேட்டால மாட்டுங்கான்னுதானே போட்டிருக்கேள்?"

"மாட்டுங்கா லேபர் கேம்ப்பு சார்."

அவர் என் பூவைப் பார்த்தார். புடவை மடிப்பைப் பார்த்தார். "நீங்களா? லேபர் கேம்ப்பா? போங்கோம்மா, விளையாடாதேங்கோ."

எனக்கு மிதப்பெல்லாம் இறங்கிவிட்டது. இத்தனை வருஷம் தாராவி என்று சொன்னால் துரத்துவார்கள் என்று பயந்தேன். இப்போது தாராவி என்று சொல்கிறேன், நம்ப ஆள் இல்லை.

"என்ன சார் வெளையாடுதேன்?" என்று கத்தினேன். "எங்க அய்யா வந்து எறங்குனது அங்க. நான் பொறந்தது, படிச்சது, கெட்டிக்குடுத்தது எல்லாம் அங்க. என் சந்துல நான் வழி தெரியாம அழுவனா? எந்திரிங்க. வாங்க எங்கூட. காட்டுதேன்."

அந்தப் பேச்சைக் கேட்டு வாயைத் திறந்தவர் மூட மறந்துவிட்டார். ஆனால் எழுந்தார். அதற்காக அவரை நான் இன்றுவரை மதிக்கிறேன்.

அவருடைய காரில் போனோம். பெரிய ரோட்டில் காரை நிறுத்திவிட்டு நடந்தோம். மழை விட்டிருந்தது. நீலத் தார்ப்பாய்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. சந்துக்குள் வெளிச்சம் பச்சையும் நீலமுமாகக் கலங்கி, குளத்துக்குள் இறங்குவது போல இருந்தது. கடைகளின் முன்னால் ஷாம்பு, ஊறுகாய், பாக்குப் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கின. காற்றடித்தால் எல்லாம் ஒன்றாக அசையும். தினமும் அந்த வழியாகத்தான் போய்வந்தேன். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் ஒருநாளும் அதைக் கடைத் தட்டாக நினைத்ததில்லை. இங்கே எல்லாமே கண்மட்டத்தில் தொங்குகிறது. சிலது நெற்றியிலேயே இடிக்கிறது.

எங்கள் சந்து முனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

"யாரு, நம்ம புள்ளயா? என்ன தாயி, இன்னைக்கும் இதே கோலமா? மாட்டுங்கால எவன் கல்யாணத்துல பந்தி பரிமாறிட்டு வார?"

"சும்மா இரும் அண்ணாச்சி. ஆபீஸ் சார் வந்திருக்காரு."

"சாரா? என்ன சாரு, லோன் சாரா? நமக்கு வேண்டாம்மா."

"காபி சாரு. அஞ்சு ரூவாப் பாக்கெட்டு வருது. உம்ம கடையில தொங்கப்போடணும்."

"காபியா? இந்தச் சந்துல காபி எவன் குடிப்பான்?"

"குடிக்க வைக்கத்தான் நான் வாரேன்."

அண்ணாச்சி மேனேஜர் பக்கம் திரும்பினார். "இவ சொன்னான்னா குடிச்சிருவானுவ சார். ருசிக்கு இல்ல. இவ வாய்க்குப் பயந்து."

மேனேஜர் அப்போதுதான் முதல்முறையாகச் சத்தம் போட்டுச் சிரித்தார்.

திரும்பும்போது கார்ப் பக்கத்தில் நின்று சொன்னார். "சரி. மூணு மாசம் பார்ப்போம். அதுவரைக்கும் இப்ப வாங்கற சம்பளமே இருக்கட்டும்."

"ஏன் சார்?"

"நீங்க யாருன்னே எனக்கு இன்னிக்குத்தானே தெரியும்?"

அது சுருக்கென்று தைத்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் இன்னும் கோபம் வந்தது. ஆனால் விலை விஷயத்தில் எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். விலையைச் சட்டென்று குறைத்துப் போட்ட பாக்கெட்டை எடுப்பவர்கள் முதலில் திருப்பித் தேதியைப் பார்ப்பார்கள். இதில் என்னவோ கோளாறு என்ற எண்ணம் ஒருமுறை விழுந்துவிட்டால், அப்புறம் பழைய விலைக்கு அதை யாரும் தொடமாட்டார்கள்.

"சூப்பர்வைசர் சம்பளம்னா வாரேன் சார். இல்லன்னா நாளைக்குக் காலைல செம்பூர்க் கடையில நிப்பேன்."

அவர் காரில் ஏறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி என்ன சொல்வது. நின்றேன். காபி ஊற்றினேன். ஆவியைப் பார்த்தேன். நாற்காலிக் கனவு வரவில்லை. அதற்குப் பதிலாகப் பாக்கெட் சரங்கள் காற்றில் அசைவது மட்டும் தெரிந்தது. மாமிகள் ஏதோ கேட்பார்கள், நான் ஏதோ சொல்வேன். எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போல இருக்கும். கோவண்டிப் பெண் ரேக்கின் இடுக்கு வழியாக என்னைப் பார்த்துவிட்டுப் போவாள்.

"எக்கா, மூணு மாசம்தான, ஒத்துக்கிட்டு இருக்கலாம்ல? உனக்குத் திமிரு ஜாஸ்தி."

"ஆமா. போயி டீத்தூள வித்துட்டு வா."

உள்ளுக்குள் பயந்துதான் இருந்தேன். ஷிஃப்ட் பட்டியலில் என் பெயர் அந்த மாதம் இருந்தது. அடுத்த மாதம் இருக்குமா என்று தெரியவில்லை. ஒருநாள் மோனோ ரயில் உப்பளத்தின் மேலே போய்க்கொண்டிருக்கையில் போன் வந்தது. சூப்பர்வைசர் சம்பளம், அடுத்த வாரத்திலிருந்து, என்றார் மேனேஜர். நான் சரி என்று மட்டும் சொன்னேன். அவர் விடவில்லை. "அந்தப் புடவையெல்லாம் வேண்டாம்மா. நீங்க எப்படியோ அப்படியே வாங்கோ. அதான் நமக்கு வேணும்." போனை வைத்தபிறகும் அந்த வார்த்தை காதில் இருந்தது. நான் எப்படி என்று அவருக்கு எப்படித் தெரியும்? காட்டன் புடவையும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. பூவும் பிடித்திருந்தது.

முதல் மாத வேலை நன்றாகவே போனது. மாதக் கடைசியில் நடந்த கூட்டத்துக்கு மேலாபீஸ் ஆட்கள் வந்திருந்தார்கள். மேனேஜர் என்னைக் காட்டி, இவர் அசல் தாராவி, அங்கேயே பிறந்து வளர்ந்தவர் என்று ஹிந்தியில் பெருமையாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நாலு வார்த்தை உங்க தாராவி பாஷைல பேசுங்கோ. அன்னிக்குக் கோவமாப் பேசினேளே, அந்த மாதிரி. எல்லாரும் கேக்கட்டும்."

ஒரு லேபிளைக் கிழித்துவிட்டு இன்னொன்றை ஒட்டுகிறார். முன்னது நான் ஒட்டியது, இது அவர் ஒட்டுவது. அவ்வளவுதான் வித்தியாசம். கோட்டுக்காரர் சொன்னது வேலை வாங்கித் தரும், அதை மறுக்கமாட்டேன். வாங்குகிறவருக்கு எது வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனால் இன்னும் சீக்கிரம் வாங்கித் தரும். ஆனால் வாங்கியவர் பாக்கெட்டையே ஆடிக் காட்டச் சொல்லும்போது என்ன செய்வது என்று கோட்டுக்காரர் சொல்லித்தரவில்லை.

நான் எழுந்தேன். கையைக் கூப்பினேன்.

"எல்லாருக்கும் நமஸ்காரம். இன்னிக்கு நீங்கள்லாம் வந்தது நேக்கு ரொம்ப சந்தோஷம். முதல்ல காபியைக் குடிச்சுடுங்கோ, ஆறிடப் போறது."

தமிழ் தெரிந்த நாலைந்து பேர் குபீரென்று சிரித்தார்கள். இப்போது என் குழுவில் இருக்கும் கோவண்டிப் பெண் குனிந்து செருப்பைச் சரிசெய்வது போல முகத்தை மறைத்துக்கொண்டாள். மேலாபீஸ் ஆட்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மேனேஜர் முகம் சிவந்தது.

அதன் பிறகு நான் ஹிந்தியில் பேசினேன். எந்தப் பக்கத்தில் பாக்கெட் போகிறது, எங்கே போகவில்லை, ஏன் என்று சொன்னேன். மழை இன்னும் வலுப்பதற்குள் என் பெண்களுக்கு ரப்பர் ஷூ வேண்டும் என்று சொன்னேன்.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்மா," என்றார் மேனேஜர்.

"இப்பவே பேசுவோம் சார்," என்றேன். உட்காரவில்லை.